22 மீட்டர் மூச்சு

நுரையீரல் புற்றுநோய் வந்தவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சத்திரசிகிச்சை என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. ஆளைப் பார்த்து, அளவெடுத்து வெட்டும் காலம் இது. அந்த அளவில் பாதியைக் கொழும்பில் எடுக்க முடியாது. ஹாலிஎலயில்தான் எடுக்க வேண்டும்.

பதுளையிலிருந்து பண்டாரவளைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால், சீட்டில் சரியாக உட்கார்வதற்குள் ஹாலிஎல வந்துவிடும். டவுனைத் தாண்டினால் ஏற்றம். ஏற்றம் முழுக்கத் தேயிலை. விடியக்காலையில் பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுத்து, பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் மலைக்கு ஏறுகிறார்கள். கொழுந்தை நிறுக்கத் தராசு இருக்கிறது. ஏறிய ஏற்றத்துக்குத் தராசும் இல்லை, பேரும் இல்லை.

நுரையீரலில் கத்தி வைக்கும் வைத்தியர்கள் அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு 22 மீட்டர். நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தால் மிச்ச மூச்சு போதுமா என்ற சந்தேகம் வரும்போது, நோயாளியைப் படிக்கட்டில் ஏறச் சொல்வார்கள். 22 மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஏழு மாடி உயரத்துக்கு ஏறிவிட்டால், சத்திரசிகிச்சையில் அவருக்கு ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 2013இல் அமெரிக்க மார்பு வைத்தியர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டி. ரோபோவும் கமராவும் நுழைந்துவிட்ட துறையில் இன்றைக்கும் ஒரு படிக்கட்டு பரீட்சை வைக்கிறது.

இப்போது ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்த லயத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். 54 வயது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். இரண்டு மாதமாக இருமல். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் குடித்தார், நிற்கவில்லை. மகளிடம் ஒருநாள் சொல்கிறார்: “போன வருசம் இதே மலைய ஒரே மூச்சுல ஏறுனேன். இப்ப பாதியில ரெண்டு தரம் நிக்கிறேன்டி.”

அந்த ஒரு வாக்கியம் எந்த ஸ்கேனிலும் விழாத தகவல். இவருடைய நுரையீரல் போன வருசம் எப்படி இருந்தது என்பது கொழும்பில் இருக்கும் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. இந்த மலைக்குத் தெரியும், கூட ஏறியவர்களுக்குத் தெரியும். நோயாளியைப் பார்த்து அமைக்கும் சிகிச்சை இப்படிப்பட்ட தகவலில் இருந்துதான் தொடங்குகிறது.

முழு நுரையீரலும் போன காலம்

நுரையீரல் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை பெரிய வெட்டில்தான் தொடங்கியது. 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஜேம்ஸ் கில்மோர் என்ற நோயாளியின் மார்பைத் திறந்தார். கில்மோரும் ஒரு வைத்தியர், பிரசவம் பார்ப்பவர். நுரையீரலின் ஒரு மடலை மட்டும் எடுப்பதாகத்தான் திட்டம். திறந்து பார்த்தபோது கட்டி மூச்சுக்குழாயின் அடிவரை நெருங்கியிருந்தது. மேசையிலேயே முடிவை மாற்றி, இடது நுரையீரலை முழுவதுமாக எடுத்துவிட்டார் கிரஹாம். புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை ஒரே கட்டமாக அகற்றி, நோயாளி பிழைத்த முதல் வெற்றி அதுதான்.

கதை அங்கே முடியவில்லை. ஒற்றை நுரையீரலோடு கில்மோர் முப்பது வருசம் வாழ்ந்தார். கிரஹாமோ விடாமல் சிகரெட் பிடித்தவர். 1950இல் ஏர்ன்ஸ்ட் வைண்டர் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து, புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். சிகரெட்டைப் பிறகு விட்டார், ஆனால் காலம் கடந்திருந்தது. 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அவரிடம் நுரையீரலைக் கொடுத்த நோயாளி அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தார்.

முழு நுரையீரலையும் எடுப்பது பெரிய விலை. அடுத்த சில பத்தாண்டுகளில், கட்டி இருக்கும் மடலை மட்டும் எடுக்கும் லோபெக்டமி வழக்கமானது. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. அதைவிடக் குறைத்து வெட்டலாமா என்று வட அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று சோதித்து 1995இல் முடிவை வெளியிட்டது. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில்கூட, சின்னதாக வெட்டியவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்பி வருவது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அத்தோடு கதவு மூடியது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு, உடம்பு தாங்குகிற எல்லோருக்கும் மடலை எடுப்பதே சட்டம் மாதிரி இருந்தது.

அந்தக் கதவை ஜப்பான் திறந்தது. அங்கே 1,106 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள், நுரையீரலின் ஓரத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மடலையும், மற்றவர்களுக்கு மடலுக்குள் ஒரு கூறை மட்டும் எடுத்தார்கள். ஐந்து வருசத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள், மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம். கூறு மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதம். 2023இல் அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா நாடுகளில் 697 பேரிடம் நடந்த ஆய்வும் சின்ன வெட்டு சளைத்ததில்லை என்று காட்டியது.

ஆனால் அதே ஜப்பான் ஆய்வில், கூறு மட்டும் எடுத்தவர்களுக்கு அந்த இடத்திலேயே நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது: 10.5 சதவீதம், மற்றவர்களுக்கு 5.4. மிச்சமான மூச்சும் எதிர்பார்த்த அளவு இல்லை. ஆகவே சின்ன வெட்டுதான் எல்லோருக்கும் நல்லது என்று சொல்ல முடியாது. யாருக்குச் சின்னது, யாருக்குப் பெரியது என்று ஒவ்வொருவரையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய வேலை புதிதாக வந்திருக்கிறது. கட்டி எத்தனை சென்டிமீட்டர், ஓரத்தில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா, நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறதா, மிச்ச நுரையீரல் எப்படி, வயது என்ன, இன்னும் எத்தனை வருசம் மலை ஏற வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டுத்தான் கத்தியைத் தீர்மானிக்கிறார்கள்.

பத்தொன்பதில் மூன்று

மூச்சுக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பது சுவாரசியமானது. பள்ளிக்கூடப் பின்னக் கணக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டு நுரையீரலையும் 19 கூறுகளாகப் பிரிக்கிறார்கள். வலதில் 10, இடதில் 9. வலது மேல் மடலில் 3, நடு மடலில் 2, கீழ் மடலில் 5. இடது மேல் மடலில் 5, கீழ் மடலில் 4. நோயாளி ஒரு குழாயில் பலமாக ஊத, முதல் ஒரு செக்கனில் எத்தனை லீட்டர் காற்று வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள்.

நம் தாய் ஊதியபோது 1.6 லீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வலது மேல் மடல் போனால் 19இல் 3 கூறு போகும். மிச்சம் 16. ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏறத்தாழ 1.35 லீட்டர். வலது நுரையீரல் முழுவதும் போனால் மிச்சம் 9 கூறு, 0.76 லீட்டர்தான். இந்த எண்களை அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிடுவார்கள். நுரையீரல் வாயுவை இரத்தத்துக்குள் கடத்தும் திறனையும் இதேபோல அளப்பார்கள். மிஞ்சப்போவது 60 சதவீதத்துக்கு மேல் என்றால் பிரச்சினை குறைவு. 30க்கும் 60க்கும் நடுவில் நின்றால், அங்கேதான் படிக்கட்டு வருகிறது.

நடு மூச்சுக்குழாயில் கட்டி இருக்கும் சிலருக்கு முழு நுரையீரலையும் எடுக்காமல் தப்பிக்கவும் வழி உண்டு. நோய் உள்ள குழாய்த் துண்டை மடலோடு வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். சட்டைக் கையைக் கழற்றிச் சின்னதாக்கித் திரும்ப வைத்துத் தைப்பது போன்ற வேலை. 1947இல் லண்டனில் கிளமென்ட் பிரைஸ் தோமஸ் என்பவர் முதன்முதலில் செய்தது. அவரை இன்னொரு இடத்தில் திரும்பவும் சந்திப்போம்.

வெட்டும் வாசலும் மாறியிருக்கிறது. முன்பு விலா எலும்புகளை விரித்து, முதுகு வரை நீளமாகத் திறப்பார்கள். இப்போது சின்னத் துளைகள் வழியே கமராவை விட்டுச் செய்யலாம். பிரித்தானியாவில் 503 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், துளை வழி செய்தவர்கள் வலி குறைந்து, சீக்கிரம் தேறினார்கள். கொழுந்து பறிப்பவருக்கு இது பெரிய விசயம். நீள வெட்டு முதுகின் அகலமான தசையைத் தொடும். கூடையின் பாரத்தை ஏற்பதும், இரண்டு கையையும் நாள் முழுக்க முன்னே நீட்டி வைப்பதும் அந்தத் தோளும் முதுகும்தான்.

மலை உடம்பு

சத்திரசிகிச்சைப் புத்தகங்களில் வரும் நோயாளி பெரும்பாலும் நீண்டகாலம் சிகரெட் பிடித்த வெள்ளைக்கார ஆண். ஊவா தோட்டத்தில் இருந்து வரும் உடம்பு வேறு கதை சொல்லும்.

முதலாவது, புகை. பெரும்பாலான லயங்களில் இன்றும் விறகு அடுப்புதான். புகைக்கூடு இல்லாத சின்னக் குசினி. வெளியே மழையும் குளிரும், கதவு சாத்தித்தான் இருக்கும். வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் மிகுந்தவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம். நிலக்கரிப் புகையோ உறுதியாகவே புற்றுநோய் தரும் பட்டியலில் இருக்கிறது. புற்றுநோய் வராவிட்டாலும் விறகுப் புகை மூச்சுக்குழாய்களை நிரந்தரமாகச் சுருக்கும். சிகரெட் தொடாத பெண்ணுக்கும் சிகரெட் பிடித்தவரின் நுரையீரல் இருக்கலாம். “நீங்க சிகரெட் குடிப்பீங்களா அம்மா?” என்ற கேள்வியோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். “எத்தனை வருசமா அடுப்படியில?” என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பழைய காசநோய்த் தழும்பு. ஒருகாலத்தில் காசநோய் வந்து மாத்திரை குடித்து ஆறியவருக்கு நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். துளை வழியே தொடங்கிய சத்திரசிகிச்சையை நடுவில் திறந்த வெட்டாக மாற்ற வேண்டி வருவதற்கு இது ஒரு காரணம். நோயாளி மறந்திருப்பார், அல்லது வெட்கப்பட்டு மறைப்பார். மகளோ, பக்கத்து லயத்து அக்காவோ நினைவில் வைத்திருப்பார்.

மூன்றாவது, இரத்தச் சோகை. தோட்டப் பெண்களிடம் அடிக்கடி காணப்படுவது. ஹீமோகுளோபின் குறைந்த உடம்பு சத்திரசிகிச்சையைத் தாங்குவது கஷ்டம். நேரத்தோடு கண்டுபிடித்தால் இரும்புச்சத்துக் கொடுத்து ஏற்றிவிடலாம். மெலிந்திருந்தால் முட்டை, பருப்பு, பால் என்று உடம்பைத் தேற்றலாம். புகைப்பவர் என்றால் சில வாரம் முன்னரே நிறுத்த வேண்டும். உடம்பைத் தயார்படுத்தும் இந்த வேலையும் சிகிச்சையின் ஒரு பகுதி, இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

நான்காவது, வெற்றிலை. பாக்கும் புகையிலையும் சேர்த்து நீண்டகாலம் மென்றவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகி, வாய் முழுவதும் திறக்காமல் போவதுண்டு. வாய்ப் புற்றுநோயின் முன்னோடி என்றுதான் இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் நுரையீரல் சத்திரசிகிச்சையில் ஒரு பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்திவிட்டு மறுபக்கத்தால் மூச்சு விடச் செய்ய வேண்டும். அதற்கு வழக்கத்தைவிடத் தடித்த இரட்டைக் குழாயைத் தொண்டை வழியே இறக்குவார்கள். இரண்டு விரல்கூட நுழையாத வாயில் அந்தக் குழாய் எப்படி இறங்கும்? மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நான்கையும் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தோட்டத்து வைத்திய உதவியாளரும், பதுளை பெரியாஸ்பத்திரியின் வைத்தியரும், வீட்டாரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

கத்திக்கு முன்னும் பின்னும்

கட்டியின் மரபணுவும் இப்போது அளவில் சேர்ந்திருக்கிறது. ஆசியர்களிடம், குறிப்பாகப் புகைக்காத பெண்களிடம், நுரையீரல் புற்றுநோயில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அது இருந்தால், சத்திரசிகிச்சைக்குப் பிறகு தினமும் ஒரு மாத்திரை நோய் திரும்புவதைத் தடுக்க உதவும். ஒசிமேர்டினிப் என்ற அந்த மாத்திரையை எடுத்தவர்களில் 88 சதவீதம் பேர் ஐந்து வருசத்தின் பின்னும் உயிரோடு இருந்தார்கள். எடுக்காதவர்களில் 78 சதவீதம். இது 2023இல் வெளியான முடிவு. வேறு சிலருக்குக் கத்திக்கு முன்பே கீமோவோடு நோயெதிர்ப்பு மருந்தும் கொடுத்தால் கட்டி சுருங்கும். 2022இல் வெளியான ஆய்வொன்றில், அப்படிக் கொடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்குச் சத்திரசிகிச்சையில் எடுத்த திசுவில் உயிருள்ள புற்றுக் கலமே இருக்கவில்லை.

இந்த மருந்துகளின் விலை நாட்கூலிக் குடும்பத்துக்கு எட்டாதது. அரச ஆஸ்பத்திரியில் எது கிடைக்கும், எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் புற்றுநோய் வைத்தியரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆனாலும் மரபணுப் பரிசோதனை பற்றி நோயாளி கேட்பதற்கு உரிமை உண்டு. எடுத்த திசு ஆஸ்பத்திரியில் இருக்கும். கேட்காவிட்டால் அது பேசாது.

ஒரு நிழலுக்குப் பின்னால்

மேலே சொன்ன அத்தனை தெரிவுகளுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கட்டி சின்னதாக இருக்கும்போதே ஆள் வந்து சேர வேண்டும். சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் உலக அளவிலேயே நான்கில் ஒருவர் போலத்தான். 2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்குப் புதிதாக நுரையீரல் புற்றுநோய் வந்தது, 18 இலட்சம் பேர் இறந்தார்கள். உலகில் அதிக உயிரைக் குடிக்கும் புற்றுநோய் இதுதான். கடைசியில் வந்தவரிடம் கத்தியைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாது.

நம் பக்கத்தில் தாமதம் எங்கே நடக்கிறது? இருமலை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. பனி, மழை, கச்சான் காற்று என்று காரணம் சொல்ல வருசம் முழுக்க ஏதாவது இருக்கும். ஒருநாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். போனால் வரிசை, துண்டு எழுதி வாங்க வேண்டும், இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், அது இன்னொரு பேர். எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தால் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள். அது சரியான சந்தேகம்தான். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகு “ஒண்ணுமில்லையாம்” என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவதுதான் பிழை. கிருமி இல்லை என்றால் நிழல் எதனால் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மருந்து குடித்தும் நிழல் கலையாவிட்டால் சிடி ஸ்கேன் வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் இருமலும் மெலிவும் தொடர்ந்தால் அப்போதும் வேண்டும்.

புகைப்பழக்கம் அதிகமாக உள்ளவர்களுக்கு வருசாவருசம் குறைந்த கதிர் சிடி எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று 53,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வு 2011இல் காட்டியது. 2022இல் தாய்வான், புகைக்காதவர்களில்கூடக் குடும்பத்தில் இந்த நோய் இருந்தவர்களுக்கு அந்தச் சோதனையைத் தொடங்கியது. இலங்கையில் அப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லாத நிலையில், நமக்கு இருக்கும் காவல் இருமலை மதிப்பது ஒன்றுதான்.

பதுளையில் மார்பு கிளினிக் இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கிறது. நெஞ்சைத் திறக்கும் நிபுணர்கள் மட்டும் சில நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். வெலிசற தேசிய சுவாச நோய் வைத்தியசாலை அவற்றில் முக்கியமானது. புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. பதுளையில் இருந்து கொழும்புக்கு ரோட்டால் 230 கிலோமீட்டர் போல. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் துணைக்குப் போகிறவரின் பேர், பஸ் காசு, சாப்பாடு, படுக்க இடம் எதுவும் இலவசமில்லை. ஒரு முறை போவதில் முடிய வேண்டிய சோதனைகள் மூன்று பயணமாக நீண்டால், இரண்டாவது பயணத்திலேயே பலர் நின்றுவிடுவார்கள். ஆளைப் பார்த்து அமைக்கும் சிகிச்சை என்றால் திகதிகளையும் ஆளைப் பார்த்துத்தான் அமைக்க வேண்டும். ஸ்கேன், மூச்சுச் சோதனை, மயக்க மருந்து வைத்தியர் என்று மூன்றையும் ஒரே வருகையில் முடிப்பது தூரத்துத் தோட்டக்காரருக்குப் புது மருந்துக்குச் சமம்.

இந்த நாட்டில் சாதாரண மக்கள் இதில் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். உடம்பில் புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று ஒரே படத்தில் காட்டும் பெட் ஸ்கேனர் ஒன்று மஹரகமவுக்கு வேண்டும் என்று 2016இல் கதீஜா பவுண்டேஷன் கைநீட்டியபோது, பாடசாலைப் பிள்ளைகளின் உண்டியல் காசு உட்பட 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. தேவையில்லாமல் நெஞ்சைத் திறப்பதைத் தவிர்க்க உதவும் கருவி அது.

அரசருக்குச் சொல்லாத சொல்

1951 செப்டெம்பரில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் ஒரு சத்திரசிகிச்சை அறை அமைக்கப்பட்டது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் இடது நுரையீரலை அங்கே வைத்து எடுத்தார்கள். எடுத்தவர், முன்பு பார்த்த அதே கிளமென்ட் பிரைஸ் தோமஸ். அந்தக் காலத்தில் ஜோர்ஜ் மன்னர் இலங்கைக்கும் அரசர். தேயிலை மலைகள் உட்பட இந்தத் தீவின் தலைமை அவர் பெயரில்தான் இருந்தது. நுரையீரலில் ஏதோ மாற்றம் என்றுதான் உலகத்துக்கு அறிவித்தார்கள். புற்றுநோய் என்ற சொல்லை மன்னருக்கே சொல்லவில்லை. 1952 பெப்ரவரியில் அவர் இறந்தார்.

அரண்மனையில் நடந்தது லயத்திலும் நடக்கிறது. “அம்மாகிட்ட சொல்லாதீங்க டொக்டர், தாங்க மாட்டாங்க” என்று பிள்ளைகள் கெஞ்சுவது அன்பினால்தான். ஆனால் தனக்கு என்ன நோய் என்று தெரியாதவர், மடலா கூறா என்று எப்படித் தீர்மானிப்பார்? முன்னால் வைக்கும் தாளில் எதற்குக் கையெழுத்து வைக்கிறார்?

அந்தத் தாள் எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. வைத்தியருக்குச் சிங்களம், நோயாளிக்குத் தமிழ் என்றால் நடுவில் வார்டைக் கூட்டும் ஊழியரோ, பக்கத்துக் கட்டிலின் ஆளோ மொழிபெயர்க்க வேண்டி வரும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இது இன்னும் கூர்மையாகும். நெஞ்சில் குழாய் இருக்கும்போதே “நல்லா இருமுங்க, ஆழமா மூச்சு இழுங்க, எழும்பி நடங்க” என்பார்கள். இருமாவிட்டால் சளி தங்கும், சளி தங்கினால் நியுமோனியா. நெஞ்சை வெட்டியிருக்கும்போது இருமச் சொல்வது ஏன் என்று தன் மொழியில் விளங்காதவர், வலிக்குப் பயந்து இருமலை அடக்குவார். எவ்வளவு நோகிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் வலி மருந்தும் அளவாகக் கிடைக்காது. நோயாளியோடு பேச ஒரு தமிழ்த் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ இருப்பது மூச்சுச் சிகிச்சையின் பகுதி.

அடுப்படிக்குத் திரும்புதல்

சத்திரசிகிச்சை வெற்றி என்று துண்டு வெட்டி அனுப்பிய பிறகு நம் தாய் திரும்பி வருவது அதே லயத்துக்கு, அதே புகைக்கு. மிச்சமாகக் காப்பாற்றிய 16 கூறுகளும் அந்தப் புகையைத்தான் இழுக்கும். அடுப்பை வெளியே மாற்றுவதா, புகைக்கூடு வைப்பதா, காஸ் அடுப்புக்கு வழி உண்டா, சமையலை மருமகள் ஏற்பாரா என்பதை வீடு திரும்புமுன் பேச வேண்டும். மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே ஏற்றும் கருவியில் பயிற்சி செய்வதைப் பல வாரங்களுக்கு விடக்கூடாது. முதலில் லயத்து வாசல், பிறகு ரோட்டு வளைவு, பிறகு சின்ன ஏற்றம் என்று நடை நீள வேண்டும்.

வேலைக்கு எப்போது போகலாம் என்ற கேள்விக்கும் பொதுவான பதில் இல்லை. கூடையில் ஏறும் கொழுந்தின் பாரம், மலையின் சரிவு, வெட்டின் அளவு எல்லாம் சேர்ந்த பதில் அது. சத்திரசிகிச்சை நிபுணர் எழுதும் கடிதத்தில் பொதுவாக “இலகு வேலை” என்று போட்டால் தோட்டத்தில் அது யாருக்கும் விளங்காது. “மூன்று மாதம் கூடை சுமக்கக் கூடாது, சமதரை வேலை மட்டும்” என்று எழுதினால் கணக்கப்பிள்ளைக்கும் விளங்கும், துரைக்கும் விளங்கும். அப்படி எழுத, அவருடைய வேலை என்ன என்று அந்த வைத்தியர் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

கட்டி எத்தனை சென்டிமீட்டர்? எந்த மடலில்? நிணநீர் முடிச்சுகளைச் சோதித்தாயிற்றா?

எனக்குக் கூறு எடுப்பதா, மடல் எடுப்பதா? ஏன்?

சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் மூச்சு எவ்வளவு மிஞ்சும்?

துளை வழியே செய்ய முடியுமா? முடியாவிட்டால் காரணம் என்ன?

மரபணுப் பரிசோதனை செய்வீர்களா?

சத்திரசிகிச்சைக்கு முன் நான் உடம்பை எப்படித் தேற்ற வேண்டும்?

என் வேலை இது. எப்போது, எந்த அளவில் திரும்பலாம்?

வைத்தியரிடம் நீங்களாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு: பழைய காசநோய், அடுப்படியில் கழித்த வருசங்கள், பீடி, வெற்றிலை, வாய் திறக்கும் அளவு, குடிக்கும் மருந்துகள். எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருசம் ஏறிய மலையை இந்த வருசம் எப்படி ஏறுகிறீர்கள் என்பது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளியில் இரத்தம் கண்டால், குரல் கம்மிப்போனால், காரணமில்லாமல் மெலிந்தால், ஒரு நாள் பேர் போனாலும் போகட்டும். பதுளை மார்பு கிளினிக்குக்குப் போய்ச் சளியைக் கொடுங்கள், எக்ஸ்ரே எடுங்கள். கிருமி இல்லை என்று சொன்னால், நிழல் எதனால் என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.